உள்ளங்கைத் திண்டு

உவர்க்காட்டு உப்பளத்தில் இருபத்தாறு வருஷமாகச் சுமை தூக்கிய சேசடியானுடைய வலது தொடை இடுக்கில், குடல் இறங்கி எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்த இடம், ஒரு சித்திரை மாசத்துக் காலையில், அவர் உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றிய நேரத்தில் தவளைபோலக் கத்தியது. இரண்டு குட்டைக் கத்தல், ஒரு நெட்டைக் கத்தல். பக்கத்தில் நின்றவர்கள் கூடையை இறக்கச் சொல்லி, வேட்டிக்குள் ஏதாவது புகுந்துவிட்டதா என்று உதறிப் பார்க்கச் சொன்னார்கள். உதறியதில் கொஞ்சம் உப்புதான் கொட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து, அதுவரை துடைத்துவிட்டதுபோல இருந்த வானத்தில் கிழக்கேயிருந்து ஒரு மேகம் ஏறி வந்து முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்ததில், வாரிக் குவித்து வைத்திருந்த ஏழு அம்பாரம் உப்பு கரைந்து வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போனது. அடுத்த வாரமும் கத்தியது, பெய்தது. மூன்றாவது தடவை கத்தியபோது உப்பு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் குணசீலன் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றார், பிசகாமல் இரண்டு மணி நேரத்தில் பெய்தது, அதற்குள் எல்லா அம்பாரத்துக்கும் தார்ப்பாய் போட்டு முடித்திருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே சங்கத்தைக் கூட்டி, சேசடியானுடைய குடலிறக்கம் இனிமேல் ஊருக்குப் பொது என்று கைதட்டி முடிவு செய்தார்கள்.

ஊர் ஆச்சரியப்பட்டது என்று சொன்னால் அது பொய். உவர்க்காட்டுக்காரர்களுக்கு ஆச்சரியப்பட ஏது நேரம்? அவர்கள் கேட்டதெல்லாம், கத்தல் எத்தனை தூரம் கேட்கும், எதிர்காற்றில் கேட்குமா, ஞாயிற்றுக்கிழமைப் பூசைநேரத்தில் கத்தினால் கோயிலைவிட்டு எழுந்து வரலாமா என்பதுதான். பாத்திகளுக்கு நடுவே பெரிய வரப்பில் ஓலைக்கூரை ஒன்று போட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி, அதில் சேசடியானைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மைக்செட் ரூபன் வந்து அவருடைய தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒரு சின்ன மைக்கை ஒட்டி, நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினான். கத்துவது குடல், குடலுக்கு வேண்டியது வாய் வழியாகத்தான் போக வேண்டும், தவளைக்கு வேண்டியது பூச்சி என்று யாரோ ஒரு மகராசன் கணக்குப் போட்டுச் சொல்ல, போன ஐப்பசியில் பிடித்துக் காயவைத்த ஈசலை வீட்டுக்கு வீடு பானையிலிருந்து அள்ளி வந்து, வறுத்து, பொரி கலந்து, வேளைக்கு ஒரு கும்பா தின்னக் கொடுத்தார்கள்; வேண்டாம் என்று அவர் தலையைத் திருப்பினால் நாலு பேர் சுற்றி நின்று, ஊருக்காகத் தின்னும்வே, ஊருக்காகத் தின்னும்வே என்று வாய் திறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தவளையார் என்று பெயரும் வைத்தார்கள். வெளியூரிலிருந்து உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் வேட்டியை ஒதுக்கிக் காட்டச் சொல்லி செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. மைக்குக்குத் தவளைச் சத்தம் எது, மற்ற சத்தம் எது என்று தெரியாது. சேசடியானுடைய வயிற்றில் ஓடுவது, உருளுவது, பொருமுவது, பிரிவது எல்லாம் நாலு குழாயிலும் ஏறி ஊர்முழுக்க ஒலித்தது. மனுசன் சோற்றில் கைவைக்கிற நேரத்தில் இதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தின்பது என்று பெண்கள் திரண்டு போய்ச் சங்கத்தில் சத்தம் போட்டபிறகு, மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரைக்கும் மைக்கை அணைத்துவைப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒரு மணி நேரம் மட்டும் சேசடியானுக்கு நாற்காலியைவிட்டு எழுந்து போக அனுமதி கிடைத்தது.

பெண்கள் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே சோற்றை விட்டவர் ஒருவர் உண்டென்றால் அது குஷன் கடை பலவேசம்தான். கடைத்தெருவில் ஆட்டோவுக்கும் லாரிக்கும் சீட் தைக்கிறவர். அருவருப்பு இல்லாமல் அவர் தொடுகிற பொருள் இந்த உலகத்தில் இரண்டுதான்: பிரிக்காத ரெக்சின் சுருள் ஒன்று, பிரிக்காத சோப்பு ஒன்று. பழைய சீட்டைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வார். டீக்கடைக் கிளாசில் குடிக்கமாட்டார். விடிந்ததும் முற்றத்துக் குழாயடியில் நின்று நாக்கை வழித்து, தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி அவர் கொப்பளிக்கிற கொப்பளிப்பில் தெரு விழித்துக்கொள்ளும். மழை வரப்போகுது, துணியை எடு என்று அவர் மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்ட மனுசனின் கடைக்கு எதிரே மின்கம்பத்தில் அந்த நாலு குழாயில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். இன்னொருத்தன் குடல் சத்தம் காதுக்குள் விழ விழ அவருக்கு ஊசி பிடித்த கை கூசியது. ச்சை, என்ன ஊருடா இது என்று நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு மத்தியானம், மைக் அணைந்திருந்த நேரத்தில், வலது கையால் தொடை இடுக்கைப் பொத்திக்கொண்டு சேசடியான் வந்து நின்றார். கூடவே அவருடைய மகள் ஜெனோவா. கையில் ஒரு பாலிதீன் பை.

"என்னவே இந்தப் பக்கம்?" என்றார் பலவேசம், நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு.

ஜெனோவாதான் பேசினாள். "மாமா, ஆஸ்பத்திரில டாக்டரம்மா ஆபரேசன்தான் செய்யணுங்காவ. சர்க்கரையும் கொதிப்பும் அடங்கினாத்தான் மயக்கமருந்து குடுக்க முடியுமாம், ஆடி கழியட்டும்ன்னுட்டாவ. அதுவரைக்கும் பெல்ட்டு போடச் சொன்னாவ. இந்தா இருக்கு மாமா, மருந்துக்கடை பெல்ட்டு. இதப் போட்டா அப்பாவுக்குத் தோலு பிஞ்சு போவுது."

பையிலிருந்து அவள் எடுத்து வைத்ததைப் பார்த்ததும் பலவேசத்துக்குக் குமட்டியது. எஃகுப் பட்டை, அதன் முனையில் மரக்கட்டைபோல ஒரு உருண்டை, வியர்வையும் உப்பும் களிம்பும் ஊறி ஊறிக் கறுத்த பட்டி. குறடை எடுத்து, அதை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தார்.

"நான் வண்டிக்குச் சீட்டு தைக்கவன் தாயி. மனுசனுக்கு இல்ல. போதாக்குறைக்கு, பெல்ட்டு போடக்கூடாதுன்னு சங்கத்துல வேற சொல்லியிருக்கு."

அது உண்மைதான். சேசடியான் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாளில் கத்தல் வெளியே வராமல் அமுங்கிப்போய், சொல்லாமல் வந்த மழையில் பதினொரு அம்பாரம் கரைந்தது. மறுநாளே தவளையார் பெல்ட் போடக்கூடாது என்றும், ஆபரேசன் கூடவே கூடாது என்றும் தீர்மானம் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டாக்டரம்மா அதைக் கடைசிவரி வரைக்கும் படித்துவிட்டு, புண் துடைத்த பஞ்சு போடுகிற வாளியில் போட்டார்.

"இருபத்தாறு வருசம் இவங்க உப்பத் தூக்கித்தாம்வே எனக்கு இது எறங்குச்சு," என்றார் சேசடியான். கோபமாகச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார். "இப்ப என்னையத் தூக்கவும் விடமாட்டாங்க, நடக்கவும் விடமாட்டாங்க."

ஜெனோவா பையை மடித்தாள். "வைகாசி கடைசி எனக்குக் கல்யாணம் மாமா. கோயில் கேட்டுலருந்து பீடம் வரைக்கும் அப்பாதான் என்னையக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். அறுவத்திரண்டு எட்டு. எண்ணிப் பாத்துட்டேன். இவுக வலது கை எப்பமும் அங்கதான இருக்கு, எடுத்தா எறங்கிரும். எல்லாரும் சிரிப்பாவ. அன்னைக்கு ஒரு நாளு அப்பாவுக்கு ரெண்டு கையும் வேணும் மாமா."

பெல்ட்டை அங்கேயே வைத்துவிட்டு இருவரும் போனார்கள். பலவேசம் அதைக் குறடால் எடுத்துக் குப்பையில் போடப் போனவர், குப்பைக்கும் மேசைக்கும் நடுவே வெகுநேரம் நின்றார். தோலுக்குப் பக்கத்தில் எஃகை வைத்தவன் எவனோ அவனை அவர் மனதுக்குள் வாய்கூசாமல் திட்டினார். இருபத்தெட்டு வருஷமாக ஊரில் உள்ளவர்களின் பின்பக்கம் நோகாமல் பார்த்துக்கொண்ட மனுசனுக்கு அது பொறுக்கவில்லை.

முதல் திண்டை அவர் குஷன்காரன் புத்தியோடு செய்தார். சேசடியானை ஆட்டோ சீட்டில் உட்காரவைத்து, தள்ளி நின்று, டேப்பின் ஒரு முனையை அவரையே பிடிக்கச் சொல்லி அளவெடுத்து, கெட்டிப் பஞ்சை உருண்டையாக வெட்டி ரெக்சின் போட்டுத் தைத்தார். உட்கார்ந்திருக்கும்வரை நன்றாக இருந்தது, எழுந்து நின்றதும் நழுவித் தொப்புளுக்கு ஏறிவிட்டது. அப்புறம் தொடையைச் சுற்றிக் கீழே இழுத்துப் பிடிக்கிற பட்டி ஒன்று சேர்த்து இரண்டாவதைத் தைத்தார். அது நழுவவில்லை, ஆனால் மைக் அணைகிற நேரத்திலும் ராத்திரியிலும் மட்டும் கட்டியிருந்தும் நாலாம் நாள் சேசடியான் வேதனையில் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். ரெக்சினுக்குள் வியர்த்து, உப்புக்காற்று பட்டு, தோல் வெந்திருந்தது. அதைவிட மோசம், உருண்டை ஓட்டைக்குள் புதைந்து ஓட்டையைப் பெரிதாக்கப் பார்த்தது. டாக்டரம்மா பலவேசத்தையே ஆள்விட்டுக் கூப்பிட்டு நேரில் திட்டினார். "ஓட்டைக்குள்ள ஆப்பு அடிக்கிற மாதிரி வைக்கக்கூடாதுங்க. சுத்திவர அகலமா மூடணும், கீழேயிருந்து மேலே தாங்கணும். அவரு கையால எப்படிப் பிடிச்சிருக்காருன்னு பாத்தீங்களா?"

பலவேசம் அதுவரைக்கும் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவெடுத்திருந்தார். சீட்டு என்பது மேலேயிருந்து வருகிற பாரத்தைத் தாங்குவது என்று படித்த கைக்கு, உள்ளேயிருந்து வெளியே வருகிற பாரம் புரிபடவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையின் பின்கட்டில் திரையை இழுத்துவிட்டு, சேசடியானை மல்லாக்கப் படுக்கவைத்துப் புடைப்பை உள்ளே தள்ளச் சொல்லி, எழுப்பி நிற்கவைத்து, அவர் கை இருந்த இடத்தில் பலவேசம் தன் கையை வைத்தார். உள்ளங்கையின் அடிமேடு கீழே, விரல்கள் மேலே.

"இருமும்வே."

சேசடியான் இருமினார். ஈரமும் சூடுமாக ஏதோ ஒன்று உள்ளிருந்து வந்து பலவேசத்தின் உள்ளங்கையில் முட்டி, ஒரு கணம் நின்று, மெல்லிய குரலில், இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கத்தியது. அந்தக் கத்தல் அவர் கை நரம்பு வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டு அவர் நேராகக் குழாயடிக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, கத்தலுக்கேற்ற மாதிரி, நாலே சொட்டுத் தூறல் விழுந்தது. ஆனால் அழுத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம், எங்கே விட வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் கழுவ முடியவில்லை.

மூன்றாவது திண்டுக்கு அவர் சேசடியானுடைய வலது கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டார். உள்ளங்கை அளவு, உள்ளங்கை வடிவம். தோலில் படுகிற பக்கம் பத்துத் தடவை துவைத்த பருத்தி வேட்டித்துணி, அதற்குள் இளம் பஞ்சு, அதற்குள் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிச் செய்த காற்றுப்பை. இடுப்புப் பட்டியும் தொடைப் பட்டியும் கூட்டிக் குறைக்கலாம். காற்றுப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் இடுப்போரமாக வந்து, பழைய ஆட்டோ ஹாரனின் ரப்பர் உருண்டையில் முடிந்தது. நிற்கும்போது இரண்டு அமுக்கு அமுக்கினால் கெட்டியாகும், உட்காரும்போது உருண்டையிலுள்ள திருகைத் தளர்த்தினால் பூப்போல இளகும். கட்டிக்கொண்டு சேசடியான் இரண்டு கையையும் விட்டார். நின்றார். குனிந்தார். ஒரு காலியான பஞ்சு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பலவேசத்துக்கு அழுகிறவர்களைக் கண்டாலும் அருவருப்புதான், மூக்கு ஒழுகும். ஆனாலும் அன்றைக்குத் தன் தோள்துண்டை எடுத்து நீட்டினார்.

ஊர் என்றால் அதில் ஒரு கண் எப்போதும் திரை ஓரத்தில்தான் இருக்கும். இரண்டே நாளில் குணசீலன் அண்ணாச்சி நாலு பேரோடு கடைக்கு வந்தார். நாலு பேரையும் வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து, புதிதாகத் தைத்து வைத்திருந்த ஆட்டோ சீட்டில் மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்வே பலவேசம், ஒரு ஆளு வலி பெருசா, ஊரு உப்பு பெருசா? நீரே சொல்லும்."

மனுசர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தே பிழைத்தவர் பலவேசம். குணசீலன் அண்ணாச்சி இடது கையை மடியோரம் வைத்தபடி உட்கார்ந்த விதம் அவர் கண்ணில் பட்டது.

"அவனுக்கு என்னவே குறை வச்சோம்? நாற்காலி போட்டுக் குடுத்தோம். நிழல் போட்டுக் குடுத்தோம். வேளா வேளைக்குத் தின்னக் குடுக்கோம். மானம் மரியாதையா தவளையார்ன்னு 'ஆர்' போட்டுக் கூப்பிடுதோம். இத்தன பேருக்காக ஒருத்தன் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா செத்தா போவான்? அந்தத் திண்டை எடும். சங்கத்துல ஒப்படைக்கணும்."

இப்படிப் பேசுகிற வாயைப் பக்கத்தில் பார்த்தபோது, சேசடியானுடைய புடைப்பைத் தொட்டபோதுகூட வராத குமட்டல் பலவேசத்துக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. அவர் உள்ளே போய் இரண்டாவது திண்டை, அந்த வீணாய்ப்போன ரெக்சின் உருண்டையை, எடுத்து வந்து கொடுத்தார். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியை இழுத்துப் பார்த்தார். வெளியே நின்ற நாலு பேரில் யாரிடமும் கொடுக்காமல், செய்தித்தாளில் சுற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது. கோயில் கேட்டருகே வெள்ளைச் சேலையில் ஜெனோவாவும், மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில், இரண்டு கையும் தொங்க, சேசடியானும் வந்து நின்றபோது ஊரே பார்த்தது. முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான். அப்புறம் கிழக்கே பார்த்தது. கடலுக்கு மேலே ஒரு மேகம், கைக்குட்டை அளவு.

"திண்டு போட்டிருக்காம்லே!"

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அப்படியே கேட்டை மறித்துக்கொண்டது. ஒரு பத்து நிமிசம் அவுத்துரும்வே, மேகம் போவட்டும், அப்புறம் கட்டிக்கிடும் என்றது ஒரு குரல். அளத்துல நாற்பது அம்பாரம் திறந்து கிடக்குது, கல்யாணம் ஓடியா போவுது என்றது இன்னொன்று. பாட்டுப் போட வந்த ரூபன் மைக்கோடு முன்னால் வந்தான், தொடையில் ஒட்டுகிற பிளாஸ்திரிகூட அவன் சட்டைப்பையில் தயாராக இருந்தது. குணசீலன் அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் நின்று, "பொண்ணு முன்னால பலவந்தம் பண்ண வைக்காதயும் சேசடியான்," என்றார், அன்பாக. அந்த அன்புதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது. ஜெனோவா அப்பாவின் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மகளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், பாவம், இருபத்தாறு வருஷமாகச் சொன்னதைச் செய்து பழகிய இடது கை தானாக இடுப்புப் பட்டியின் முடிச்சுக்குப் போனது.

பலவேசம் கூட்டத்தின் ஓரத்தில், யார் தோளும் மேலே படாதபடி, கோயில் சுவரோரக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். முடிச்சுக்குப் போகிற கையைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவர் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. குழாயைத் திருகி ஒரு வாய்த் தண்ணீர் பிடித்து, தலையை அண்ணாந்து, காலங்காலமாகக் கொப்பளித்துப் பதப்பட்ட தொண்டையில், கையும் காதும் மறக்கமாட்டாமல் வைத்திருந்த அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

ரூபன் கையிலிருந்த மைக் அதை வாங்கி, கல்யாணப் பாட்டுக்குக் கட்டியிருந்த எட்டுக் குழாயிலும் போட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களும், பூக்கூடையைப் போட்டுவிட்டுப் பூக்காரியும், மைக்கைப் போட்டுவிட்டு ரூபனும் உப்பளத்தைப் பார்த்து ஓடினார்கள். குணசீலன் அண்ணாச்சியும் ஓடினார், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடியோரம் இடது கையை வைத்துக்கொண்டு. கேட்டில் தூசிதான் மிஞ்சியது. உள்ளே பீடத்தருகில் சாமியாரும், வெளியூர் மாப்பிள்ளையும், அவர் வீட்டார் பத்துப் பதினைந்து பேரும் என்ன நடந்தது என்று விளங்காமல் நின்றார்கள்.

சேசடியான் நடந்தார். அறுபத்திரண்டு எட்டு. வலது கையில் மகளின் கை. இடது கைக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது கொஞ்ச தூரம் வீசிக்கொண்டு போனது, சட்டைப் பொத்தானைத் தொட்டது, ஒரு காலிப் பெஞ்சின் முதுகைத் தட்டிக்கொடுத்தது, கடைசியில் பீடத்துக்குப் பக்கத்தில் போய், காலிப் பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் வணக்கம் என்பதுபோல உயர்ந்தது. பலவேசம் வாசற்படியில் நின்று பார்த்தார். சந்தோசமாக இருந்தது. அந்தச் சத்தம் தன் வாயிலிருந்து வந்ததே என்று நினைத்தபோது நாக்கை அறுத்து எறியலாம் போலவும் இருந்தது. திரும்பிக் குழாயடிக்குப் போய் நிறைய நேரம் வாய் கொப்பளித்தார், இந்தத் தடவை சத்தம் வராமல்.

மழை பெய்யவில்லை. கைக்குட்டை மேகம் வந்த வழியே போய்விட்டது. நாற்பது அம்பாரத்தையும் மூடிவைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் கொளுத்துகிற வெயிலில் காத்திருந்த ஊர், மறுநாள் தவளையார் பொய் சொல்லிவிட்டார் என்று சொன்னது. அப்புறம் தவளையாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றது. அப்புறம் தவளையார் என்பதையே விட்டுவிட்டது. ஓலைக்கூரையைப் பிரித்தார்கள், சிவப்பு நாற்காலியைச் சங்கத்துக்குத் தூக்கிப் போனார்கள், ஈசல் கும்பாவைத் தேடி வந்து வாங்கிப் போனார்கள். வாயருகில் கொண்டுபோய் ஊட்டியவர்களே இப்போது சேசடியான் எதிரே வந்தால், ச்சீ, அசிங்கம் என்று காறித் துப்பிவிட்டுச் சந்துக்குள் திரும்பினார்கள். அவருக்கு அது பெரிய நிம்மதி. ஆடி முழுக்கத் திண்டைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடந்தார், மகள் வீட்டுக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய் வந்தார், ஆவணியில் ஆபரேசன் முடிந்தது. புடைப்பு போன இடத்தில் நாலு விரல் நீளத்துக்குத் தையல், ஒரு சத்தமும் இல்லை. திண்டைத் துவைத்துக் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து பலவேசத்திடம் கொடுத்துவிட்டு, "எவனுக்காவது ஆவும்வே," என்று சொல்லிப் போனார். பலவேசம் அதைப் பின்கட்டில் ஆணியில் மாட்டிவைத்தார்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், கடைத்தெரு உண்டுவிட்டு அயர்ந்திருந்த நேரத்தில், குணசீலன் அண்ணாச்சி தனியாக வந்தார். வந்ததும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கச் சொன்னார்.

"அந்தச் சேசடியானுக்குத் தச்சீரே, அது மாதிரி ஒண்ணு வேணும்."

"யாருக்கு அண்ணாச்சி?"

"ஒரு வேண்டப்பட்ட ஆளுக்கு."

"ஆளு வரணும். கைய வச்சுப் பாத்துத்தான் அளவெடுக்க முடியும்."

அண்ணாச்சி ஷட்டருக்கு அடியில் தெருவைக் குனிந்து பார்த்தார். திரைக்குப் பின்னால் போய், கரைவேட்டியை ஒதுக்கினார். உள்ளே, பலவேசம் தன் கையால் தைத்த, ஊர் பெயரைச் சொல்லிப் பறித்துக்கொண்டு போன, அந்த ரெக்சின் உருண்டை. நாலு மாதமாக அதைக் கட்டியிருக்கிறார். சுற்றிலும் தோல் வெந்து வெள்ளையாக ஊறி நாற்றமெடுத்துக் கிடந்தது. உருண்டையை எடுத்ததும் அதன் பின்னாலேயே ஒரு மாங்காய் அளவுக்குப் புடைப்பு இறங்கியது.

"ஏழு வருசமா இருக்குவே. இது போட்டப்புறந்தான் பெருசாயிட்டு."

பலவேசம் படுக்கச் சொல்லி, உள்ளே தள்ளச் சொல்லி, எழுப்பி நிறுத்தினார். ஆணியிலிருந்து சேசடியானுடைய உள்ளங்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தன் கையால் தாங்கிப் பிடித்தார்.

"இருமுங்க."

அண்ணாச்சி இருமினார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மாங்காய் அளவு என்பதால் சத்தமும் அதற்கேற்ப இருந்தது; கடைக்கண்ணாடி அதிர்ந்தது.

தெருவில் யாரோ, "ஏலே, கத்துச்சா?" என்று கேட்டது உள்ளே கேட்டது. "எங்கலே?" என்றது இன்னொரு குரல். அண்ணாச்சியின் முகத்தில் வேர்வை அரும்பியது. சிவப்பு நாற்காலி, மைக், பிளாஸ்திரி, கும்பா நிறைய ஈசல் என்று ஒவ்வொன்றாக அந்த முகத்தில் வந்து போனதைப் பலவேசம் பார்த்தார்.

"சொல்லிரட்டுமா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார். "ரெண்டு மணி நேரம் இருக்கு, மூடிரலாம். உங்க அம்பாரமே ஒம்பது கெடக்கு. ஊரு உப்பு பெருசுல்லா?"

அண்ணாச்சி இரண்டு கையாலும் பலவேசத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரக்கை.

"உப்பு போனாப் போவுதுவே. நீரு காத்த அடியும்."

பலவேசம் மற்ற கையால் ரப்பர் உருண்டையை அமுக்கினார். இரண்டு அமுக்கு, மூன்று அமுக்கு. சத்தம் அமுங்கியது. நோகுதா என்று கேட்டதற்கு இல்லை என்று அண்ணாச்சி தலையாட்டினார், அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. தெருவில் குரல்கள் ஓய்ந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் அப்படியே ஆட்டோ சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் மெல்லக் குறைந்தது. மூன்று மணிக்குத் தகரக்கூரையில் முதல் சொட்டு விழுந்து, பிறகு பேச்சுக் கேட்காத அளவுக்குக் கொட்டியது, உப்பளத்துப் பக்கமிருந்து ஊரே கத்திக்கொண்டு ஓடுகிற சத்தம் மழைக்குள் கொஞ்சம் கேட்டு அப்புறம் கேட்காமல் போயிற்று. பலவேசத்துக்கு எழுந்து போய்க் கை கழுவ வேண்டும்போலிருந்தது. அண்ணாச்சி கையை விடவில்லை.